மாரி வடிந்தபின் களப்பு: பனிச்சங்கேணியில் ஊர் திரும்பியோரின் முதல் மீன்பிடிப் பருவம்

2006 ஆம் ஆண்டின் கடைசியில் கையில் அகப்பட்டதோடு ஊரை விட்டு வெளியேறி, 2007 இல் பனிச்சங்கேணிக்கும் வாகரைக்கும் அயற்கிராமங்களுக்கும் திரும்பிய நீங்கள் இப்போது சொந்த நிலத்தில் ஒரு மாரியைக் கழித்துவிட்டீர்கள். தைப்பொங்கல் முடிந்து வாடைக்காற்று தணியத் தொடங்கும் இந்த நாட்களில்தான் களப்பு மறுபடி தொழில் தரும். உலர் உணவு நிவாரணம் என்றைக்கும் வந்துகொண்டிருக்காது. வயல் விதைத்தவர்களுக்கே அறுவடைவரை கையில் காசு இராது. அந்த இடைவெளியில் வீட்டுக்குக் கறியும், பிள்ளையின் கொப்பிக்குக் காசும் களப்பிலிருந்துதான் வரவேண்டும்.

பரம்பரைத் தொழிலாளருக்கு மீன்பிடி கற்பிப்பதற்காக இதை எழுதவில்லை. நலன்புரி முகாமில் வளர்ந்து இப்போதுதான் சவள் பிடிக்கப் பழகும் பிள்ளைகளுக்காகவும், முன்பு கூலிவேலை செய்து இன்று வேறு வழியின்றித் தொழிலுக்கு இறங்குபவர்களுக்காகவும், குடும்பத் தலைவரை இழந்து தாமே வலை எடுக்கும் பெண்களுக்காகவும் எழுதியது. ஆனாலும் பழைய தொழிலாளரும் ஒருமுறை வாசிப்பது நல்லது. நீங்கள் விட்டுப்போன களப்பு அப்படியே இருக்கும் என்று எண்ணவேண்டாம். 2004 சுனாமிக்குப் பின்னும், அதன்பின் வந்த மாரிகளிலும் மணல் இடம் மாறியிருக்கலாம். முன்பு முழங்கால் தண்ணீர் இருந்த இடத்தில் இன்று ஆள் மூழ்கும் ஆழம் இருக்கலாம். முதல் இரண்டு மூன்று நாட்கள் வலை போடாமல் கோல் ஊன்றி ஆழம் பார்த்துத் திரிவதை வீண்வேலை என்று நினைக்காதீர்கள்.

அதற்கும் முன்பாகக் கரையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்.

தோணி கட்டும் இடத்துக்கும் வலை காயவிடும் இடத்துக்கும் முன்பு நடந்த ஒற்றையடிப் பாதையில் இப்போது நடக்கலாமா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடமோ, கண்ணிவெடி அகற்றும் பணியாளரிடமோ கேட்டு உறுதிப்படுத்துங்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைக்கும், கட்டிய நாடாவுக்கும் அப்பால் மீன் துள்ளினாலும் போகக்கூடாது. பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்றும் அர்த்தமில்லை. மாரி வெள்ளம் மண்ணை அரித்துப் புதைந்து கிடந்ததை வெளியே கொண்டுவரும்; சிலவற்றை வேறிடத்துக்கு உருட்டியும் விடும். ஆகையால் சென்ற வருடம் நடந்த கரையை இந்த வருடமும் கேட்டுத்தான் நடக்கவேண்டும். வலை இழுக்கும்போது அடியில் கல்லுமல்லாத, மரக்குற்றியுமல்லாத பாரம் தட்டுப்பட்டால் இழுத்துப் பார்க்காதீர்கள். வலையை அறுத்து விட்டுவிட்டு, கரையிலுள்ள ஒரு மரத்தையோ பாலத்தின் தூணையோ அடையாளமாக வைத்துக்கொண்டு வந்து அறிவியுங்கள். போன வலைக்கு இன்னொரு வலை வாங்கலாம். கண்டெடுத்த வெடிபொருளை உடைத்து மருந்து எடுத்து மீனுக்குப் போடுபவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சட்டவிரோதம் என்பது இருக்கட்டும். அதைச் செய்யும் வீட்டில் அடுத்த நாள் யார் சோறாக்குவது என்பதுதான் எங்கள் கேள்வி.

தண்ணீரை அறிதல்

மட்டக்களப்பு மாவட்டத்துக்கு வருடத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரையான வடகீழ்ப் பருவக்காற்றோடுதான் வருகிறது. அந்த மாதங்களில் ஓடைகளும் வயல் வடிகால்களும் களப்பை நிரப்புகின்றன. தண்ணீர் கலங்கித் தேநீர் நிறமாகிறது. உப்பு குறைகிறது. நீர் மட்டம் ஏறும்போது கடலுக்கும் களப்புக்கும் இடையில் கோடையில் வளர்ந்த மணல் திடல் உடைந்து வாய் அகலுகிறது. சில களப்புகளில் வெள்ளம் வயலையும் வீட்டையும் மூடுமுன் ஆட்களோ இயந்திரமோ கொண்டு வாயை வெட்டிவிடுவதும் உண்டு. மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று விவசாயிகளும் மீனவர்களும் வாதாடுவது பழைய கதை. வயல்காரருக்கு நேரத்தோடு வெட்டவேண்டும். மீன்காரருக்கோ களப்புத் தண்ணீர் ஒரேயடியாக வடிந்துவிடக்கூடாது. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

மழை விட்டதும் கதை திரும்புகிறது. களப்பு கடலுக்குள் வடிகிறது, அதன்பின் வற்றும் பெருக்குமாகக் கடல் உள்ளே ஏறத் தொடங்குகிறது. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான். களப்பின் உட்பகுதியில் அது இன்னும் குறைவு. ஆனால் அவ்வளவு தண்ணீரும் ஒடுங்கிய வாயால் போய்வர வேண்டியிருப்பதால் வாயருகில் இழுப்பு பலமாக இருக்கும். அமாவாசை, பறுவம் இரண்டையும் ஒட்டிய நாட்களில் மேலும் பலமாக இருக்கும்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்றுண்டு. மாசி மாதத்தில் தோணியில் இருந்தபடி தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, இன்னும் நல்ல தண்ணீராகவே இருக்கிறது, கடல்மீன் வந்திராது என்று திரும்பிவிடுகிறார்கள். உப்புத் தண்ணீர் பாரமானது. அது மழைத்தண்ணீருக்குக் கீழே நுழைந்து அடியால் ஊர்ந்து வரும். மேலே ஒரு முழம் நல்ல தண்ணீர் நிற்க, அதற்கடியில் உப்புத் தண்ணீர் நிற்கலாம். எங்களோடு பேசிய வயதான தொழிலாளி ஒருவர் இதைத் தன் பேரனுக்கு இப்படிச் சொன்னார்: "மேல்தண்ணிய நம்பாத மனே, அடித்தண்ணிய அள்ளிப் பாரு." அள்ளுவதற்கு ஒரு போத்தல் போதும். போத்தலின் அடியில் கல்லைக் கட்டி, மூடிக்குப் பதிலாகத் தக்கையைத் தளர்வாகச் செருகி, தக்கைக்கு வேறொரு நூல் கட்டுங்கள். அடிக்கு இறக்கியபின் அந்த நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அடித்தண்ணீர் நிரம்பும். மேலே தூக்கி நாக்கில் ஒரு துளி வையுங்கள். கரித்தால் இறாலும் கொடுவாவும் அடியில் நிற்க இடமுண்டு. அப்படியான நாளில் மேல்மட்டத்தில் விட்ட வலை வெறுமையாக வரும். அடியில் போட்ட தூண்டில் இழுக்கும்.

இரண்டு தண்ணீரும் கலந்து, களப்பு கலங்கல் தெளிந்து பச்சை நிறம் காட்டும்போது மீன் எல்லா இடமும் பரவிவிடும். அதற்கு முந்திய சில வாரங்களில் அது ஓரிடத்தில் கூடி நிற்கும். எங்கே கூடுகிறது என்று தெரிந்தவருக்கு நல்ல பலன் கிடைப்பது அந்த வாரங்களில்தான்.

எங்கே, எதைக் கொண்டு

வெள்ளம் வயலிலிருந்தும் காட்டிலிருந்தும் கொண்டுவந்த அழுகலும் வண்டலும் களப்பின் அடியில் படிந்திருக்கும். அதைத் தின்னும் சிறு உயிர்கள் பெருகும். அவற்றைத் தேடி இறால் வரும், இறாலைத் தேடிப் பெரிய மீன் வரும். எனவே ஓடை களப்பில் விழும் இடம், கண்டல் வேர்களின் ஓரம், பாலத்தூண்களின் பின்னால் சுழி விழும் இடம், வாயிலிருந்து உள்ளே வரும் ஆழமான ஓடுபாதை ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

மணலை சேற்றின் மேற்படலத்தை மேய்ந்து தின்னும் மீன். தூண்டில் இரைக்கு எளிதில் வராது. அதற்கு வீச்சுவலைதான். காலை வெயில் ஏறுமுன் ஆழம் குறைந்த ஓரத்தில் கூட்டமாக மேயும்போது தண்ணீர் மேற்பரப்பு மட்டும் சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பின் மேல் வீசாதீர்கள், அது போகும் திசைக்கு ஒரு பாகம் முன்னே வீசுங்கள். உங்கள் நிழல் மீனின்மேல் விழாதபடி சூரியனை முகத்துக்கு நேரே வைத்து நில்லுங்கள். தோணியின் பலகையில் சவளை வைக்கும் சத்தமும் கூட்டத்தைக் கலைத்துவிடும்.

கொடுவாவுக்குப் பொறுமை வேண்டும். அது திரிந்து வேட்டையாடுவதைவிட வேரடியிலோ தூணடியிலோ மறைந்து நின்று, ஓட்டத்தோடு வரும் இரையைப் பிடிப்பதையே விரும்பும். பொழுது படும் நேரமும், வற்றுத் தொடங்கி ஓடைகளிலிருந்து தண்ணீர் இறங்கும் நேரமும் ஒன்றாக வரும் நாட்கள் சிறந்தவை. உயிருள்ள சிறு மணலையையோ இறாலையோ இரையாகக் குத்தி, ஓட்டம் அதைத் தானாகவே வேரோரத்துக்குக் கொண்டுபோகும்படி விடுங்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் கூரானது. நூல் அதில் உரசினால் அறும், கையை வைத்தால் கையும் அறும். தூண்டிலுக்கு மேலே ஒரு முழத்துக்குத் தடித்த நூல் கட்டுங்கள்.

வலை இல்லாதவர்கள் வலை கிடைக்கும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. கரப்பும் அத்தாங்கும் தூண்டிலும் வீட்டிலேயே ஆயத்தம் செய்யக்கூடியவை. இடுப்பளவுத் தண்ணீரில் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இந்தக் கரையில் முன்பும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் பிடிப்பதைச் சிறுதொழில் என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு நேரக் கறி போக மிஞ்சியதை விற்கும்போது அந்தக் காசு நேரே வீட்டுக்கு வருகிறது.

தண்ணீரில் இறங்கி நடப்பவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசி உரசி நடக்கவேண்டும். திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும். உரசல் பட்டால் விலகிப்போகும், மிதித்தால் குத்தும். திருக்கை, கெளிறு, ஓரா ஆகியவற்றின் முள் குத்தினால் காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அரைமணி நேரமோ அதற்கு மேலோ வைத்திருங்கள். சூடு அந்த நஞ்சின் வேதனையைத் தணிக்கும். வேதனையால் உணர்வு மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, ஆகவே காயமில்லாதவர் ஒருவர் முதலில் கைவைத்துச் சூட்டைப் பார்க்கவேண்டும். முள் முறிந்து உள்ளே இருந்தாலோ, மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வெள்ளம் வடிந்த காலத்தில் முதலைகள் வழக்கமில்லாத ஓடைகளிலும் காணப்படலாம். பொழுதுபட்டபின் தனியாக இறங்கவேண்டாம்.

வலையில் பேத்தை விழும். வயிற்றை ஊதிக்கொண்டு கிடக்கும் அந்த மீனைக் கறிக்கு எடுக்கவே கூடாது. அதன் நஞ்சு சமைத்தாலும் காய்ச்சினாலும் போகாது. பசித்த வீட்டில் எதையும் வீசியெறிய மனம் வராது என்பது எங்களுக்குத் தெரியும். இதை மட்டும் பிள்ளைகள் விளையாட எடுக்காதபடி புதைத்துவிடுங்கள். விறகுக்கோ ஊன்றுகோலுக்கோ கரையோரத்தில் தில்லை மரத்தை வெட்டுபவர்களும் கவனிக்கவேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும்.

எதை விடுவது

இந்தப் பருவத்தில் களப்புக்குள் இருப்பதில் பெரும்பகுதி குஞ்சு. இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சு இரண்டு மூன்று வாரம் கடலில் மிதந்து, நெல்மணியளவாக இருக்கும்போது திறந்த வாயால் உள்ளே வந்து, கண்டல் ஓரத்திலும் கடற்புல்லிலும் மூன்று நான்கு மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. மணலையும் கடலில் முட்டையிட்டு இங்கே வந்து வளர்வதுதான். ஆகவே களப்பின் வாயை மறித்துச் சிறுகண் வலை கட்டுபவர் தன் பங்கை மட்டும் எடுக்கவில்லை. உள்ளே இருக்கும் அத்தனை தொழிலாளரின் வரும் மாதங்களையும் சேர்த்து எடுக்கிறார்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பத்துக் கிராம் எடையுள்ள குஞ்சு இறால் கிலோவுக்கு நூறு நிற்கும். அதே நூறையும் முப்பது கிராம் வரும்வரை விடுகிறோம் என்று வையுங்கள். அதில் பாதி வேறு மீனுக்கு இரையாகிப் போனாலும் மிச்சம் ஐம்பது, அதாவது ஒன்றரைக் கிலோ. எடையும் கூடுகிறது, பெரிய இறாலுக்குக் கிலோ விலையும் கூடுகிறது. ஆனால் அந்தக் காத்திருப்பு வீட்டில் அரிசி இருப்பவருக்குத்தான் எளிது. அரிசி இல்லாதவரிடம் போய் இந்தக் கணக்கை ஒப்புவிப்பதில் பயனில்லை. அதனால்தான் இதைத் தனி ஆளின் விடயமாக விடாமல், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து வலைக்கண்ணையும் நாட்களையும் தீர்மானிக்கவேண்டும் என்கிறோம். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார் என்ற பயம் இருக்கும்வரை யாரும் விடமாட்டார்கள்.

கொடுவாவில் நீங்கள் அறிந்திருக்கவேண்டிய அதிசயம் ஒன்று உண்டு. அது ஆணாகவே முதிர்கிறது, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. எனவே தோணி நிறைய வளர்ந்த பெருங்கொடுவா பெரும்பாலும் தாய்மீன். ஒரு தாய் இலட்சக்கணக்கில் முட்டையிடும். நடுத்தர அளவுள்ளதை எடுத்து, மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் விட முடிந்தால் நல்லது. பெரியதை விடச் சொல்வது கடினமான பேச்சுத்தான். வயிற்றின் கீழே முட்டை ஒட்டிய நண்டைத் திரும்ப விடுவது அவ்வளவு கடினமல்ல, எடையில் அது பெரிதாக இழப்பும் ஆகாது.

வலை வாங்கும்போது தங்கூசி வலையை வாங்காதீர்கள். அது தடைசெய்யப்பட்டது. அறுந்து அடியில் கிடந்தால் உக்காமல் கிடந்து ஆருக்கும் பயனில்லாமல் மீனைக் கொன்றுகொண்டிருக்கும். எந்த நிறுவனமாவது, எங்களுடையதையும் சேர்த்துத்தான், வலையோ தோணியோ தர வந்தால் பெயர் பதியுமுன் வலையின் கண் அளவையும் தோணியின் நீளத்தையும் கேளுங்கள். சுனாமிக்குப் பின் இலங்கையின் கரையோரங்கள் பலவற்றில் தேவைக்கு மிஞ்சிய படகுகள் வழங்கப்பட்டன. அவற்றில் சில அந்தந்தக் கடலுக்குப் பொருந்தவும் இல்லை. கடலுக்குரிய வலை களப்பில் உதவாது. இலவசமாக வருவதைக் குறை சொல்லக் கூச்சப்பட வேண்டாம், உங்களுக்கு உதவாதது எங்களுக்கும் நட்டந்தான்.

அனுமதியும் விற்பனையும்

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழ் மீன்பிடித் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் தேவை. இடம்பெயர்ந்தபோது பத்திரங்களை இழந்தவர்கள் கடற்றொழில் பரிசோதகரைச் சந்தித்துப் பழைய விபரத்தைச் சொல்லிப் புதிதாக விண்ணப்பியுங்கள். அடையாள அட்டையும் இல்லையென்றால் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போகவேண்டும். எந்த நேரம் தொழிலுக்குப் போகலாம், எந்தப் பகுதிக்குள் போகக்கூடாது என்ற பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் இடைக்கிடை மாறுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் நேற்றுப் போய்வந்தார் என்பதை நம்பிப் புறப்படாமல், அன்றன்று சங்கத்தில் கேளுங்கள். போகும்போது எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

முற்பணம் தருகிற வியாபாரியைப் பற்றி இங்கே நல்லதும் கெட்டதும் சொல்லவேண்டும். வலை வாங்கக் காசில்லாத நேரத்தில் கைகொடுப்பவர் அவர்தான், வங்கி அல்ல. ஆனால் முற்பணம் வாங்கிய நாளிலிருந்து மீனை அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்கவேண்டி வரும். வாங்குவதானால் எவ்வளவு வாங்கினீர்கள், ஒவ்வொரு நாளும் எவ்வளவு கழிந்தது என்பதைப் பிள்ளையைக் கொண்டாவது ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாலைந்து தோணிக்காரர் சேர்ந்து ஒரு ஐஸ்பெட்டி வைத்துக்கொண்டால், விலை குறைவான நாளில் உடனே விற்றுத் தள்ளாமல் வாழைச்சேனைக்கு அனுப்பும்வரை மீன் பொறுக்கும். ஐஸ் கிடைக்காத நாளில் மீனை வெயிலில் போடாமல் ஈரச்சாக்கு மூடி நிழலில் வையுங்கள்.

விற்காமல் மிஞ்சியதைக் கருவாடாக்கலாம். குடல் நீக்கிப் பிளந்து, நல்ல தண்ணீரில் கழுவி, மீன் நான்கு பங்குக்கு உப்பு ஒரு பங்கு வீதம் தடவி ஓர் இரவு மூடி வைத்து, மறுநாள் மணலில் அல்லாமல் கம்பு கட்டிய பரணில் காயப்போடுங்கள். பங்குனி வெயிலில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். பின்னேரம் பனி விழுமுன் எடுத்து உள்ளே வைக்கவேண்டும்.

சித்திரை கழிந்து கச்சான் காற்று எழும்போது களப்பு வற்றத் தொடங்கும். வாயருகில் மணல் மறுபடி வளரும். அதற்கு முந்திய அமாவாசை இரவுகளில் வளர்ந்த இறால் வற்றோடு கடலை நோக்கி இறங்கும். அத்தாங்கை ஓட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு பாலத்தடியில் நிற்பவர்களுக்கு அது நல்ல அறுவடை. அந்த இரவுகளில் யார் எந்த இடத்தில் நிற்பது என்பதை மாசிக் கூட்டத்திலேயே சீட்டுப் போட்டுத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருந்து இன்னும் திரும்பி வராத குடும்பங்களின் இடங்களையும் சீட்டில் சேர்த்து, அவர்கள் வரும்வரை காலியாக விட்டு வையுங்கள்.